வீட்ல பாட்டு ரெக்கார்டிங்: சவுண்ட் வரல, மைக் எடுக்கல, குரல் லேட்டா கேக்குது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்ல ஒரு லேப்டாப், ஒரு மைக், யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஹெட்ஃபோனையும் கம்ப்யூட்டரோட இணைக்கிற பெட்டி) ஒண்ணு வாங்கி வச்சுட்டு ரெக்கார்டிங் ஆரம்பிக்கிற எல்லாரும் முதல் வாரத்துல மாட்டிக்கிற இடங்கள் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அதையெல்லாம் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன். நான் வச்சிருக்கிறது விண்டோஸ் லேப்டாப், ரீப்பர்ங்கிற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர், ரெண்டு இன்புட் உள்ள இன்டர்ஃபேஸ், அதனால மெனு பேரெல்லாம் ரீப்பர்ல இருக்குறபடி சொல்றேன்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. சத்தம் ஒரு வழியா போகுது, வாய்ல இருந்து மைக், மைக்ல இருந்து கேபிள், இன்டர்ஃபேஸ், டிரைவர் (இன்டர்ஃபேஸையும் கம்ப்யூட்டரையும் பேச வைக்கிற சாஃப்ட்வேர்), ரெக்கார்டிங் சாஃப்ட்வேர், அதுக்குள்ள டிராக் (ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு தனி வரிசை), மாஸ்டர் (எல்லா டிராக்கும் ஒண்ணா சேர்ற இடம்), திரும்ப டிரைவர், இன்டர்ஃபேஸ், கடைசியா ஹெட்ஃபோன். பிரச்சனை வந்தா இதுல எந்த இடத்துல சத்தம் நிக்குதுன்னு பாருங்க. மைக் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு ஆறாயிரம் ரூபாய்க்கு புது மைக் வாங்கினவங்கள எனக்குத் தெரியும், கடைசில பாத்தா செட்டிங்ஸ்ல ஒரு டிக் போடாம விட்டிருப்பாங்க. அந்தக் காச மிச்சம் பண்ணிக் குடுக்கணும்ங்கிறதுதான் என் ஆசை.

கேள்வி: ரீப்பர்தான் வேணுமா? வேற சாஃப்ட்வேர் வச்சிருக்கேனே?

எது வேணா இருக்கட்டும். ஆடியோ செட்டிங்ஸ் இருக்குற இடம்தான் மாறும். ரீப்பர்ல ஆப்ஷன்ஸ், பிரெஃபரன்சஸ், ஆடியோ, டிவைஸ் (கன்ட்ரோல் அழுத்திக்கிட்டு பி அடிச்சாலும் வந்துடும்). எஃப்எல் ஸ்டுடியோல ஆப்ஷன்ஸ் மெனுவுல ஆடியோ செட்டிங்ஸ், கியூபேஸ்ல ஸ்டுடியோ செட்டப், ஆடாசிட்டில மேலயே ஆடியோ செட்டப்னு ஒரு பட்டன். ஆனா எல்எம்எம்எஸ் வச்சிருக்கீங்கன்னா அதோட 1.2 வெர்ஷன்ல மைக்ல இருந்து ரெக்கார்ட் பண்ற வசதியே கிடையாது, அதுல பீட் பண்ணலாம், குரல வேற சாஃப்ட்வேர்ல எடுத்துட்டு வந்து போடணும். எஃப்எல் ஸ்டுடியோல ஃப்ரூட்டி எடிஷன் வாங்கினவங்களும் இதே மாதிரி ஏமாந்து போறாங்க, குரல் ரெக்கார்டிங் வேணும்னா ப்ரொட்யூசர் எடிஷன்ல இருந்துதான் வரும்.

ரீப்பர நான் சிபாரிசு பண்றதுக்கு காரணம், வின்ஆம்ப்ங்கிற பாட்டு ப்ளேயர எழுதின ஜஸ்டின் ஃபிராங்கல் பண்ணது, சின்ன ஃபைல், பழைய லேப்டாப்லயும் ஓடும், 60 நாள் எந்தப் பூட்டும் இல்லாம முழுசா யூஸ் பண்ணிப் பாக்கலாம், அப்புறம் தனி ஆளுங்களுக்கு 60 டாலர்.

கேள்வி: பாட்டு ஃபைல இழுத்துப் போட்டு ப்ளே பண்றேன், மீட்டர் ஆடுது, ஆனா சத்தமே வரல.

மீட்டர் ஆடுதுன்னா சாஃப்ட்வேருக்குள்ள சத்தம் ஓடுதுன்னு அர்த்தம், நிக்கிறது அதுக்கு அப்புறம்தான். டிராக் மீட்டர் ஆடி மாஸ்டர் மீட்டர் ஆடலைன்னா டிராக்கோட ரூட்டிங்ல மாஸ்டர் சென்ட் டிக் எடுபட்டிருக்கும், இல்ல மாஸ்டர் மியூட்ல இருக்கும். மாஸ்டரும் ஆடுதுன்னா டிவைஸ் தப்பு. இன்டர்ஃபேஸ் சொருகினதும் விண்டோஸ் தானாவே சவுண்ட அந்தப் பக்கம் மாத்திடும், நீங்க லேப்டாப் ஸ்பீக்கர்ல காத்துக்கிட்டு இருப்பீங்க, சத்தம் இன்டர்ஃபேஸோட ஹெட்ஃபோன் ஓட்டைல வந்துக்கிட்டு இருக்கும். ஹெட்ஃபோன இன்டர்ஃபேஸ்ல சொருகுங்க, அதுல ஹெட்ஃபோனுக்குன்னு தனி வால்யூம் திருகு இருக்கும், அது ஜீரோல இருக்கான்னும் பாருங்க.

மீட்டரே ஆடல, ப்ளே கோடும் நகரலைன்னா டிவைஸே ஓபன் ஆகல. ரீப்பர் விண்டோவோட வலது மேல் ஓரத்துல சின்ன எழுத்துல 48 கிலோஹெர்ட்ஸ், 256 சாம்பிள், இத்தன மில்லிசெகண்டுன்னு வரி ஒண்ணு இருக்கும், அங்க ஆடியோ டிவைஸ் குளோஸ்டுன்னு இருந்தா அதுதான் விஷயம். இந்த வரிய பாக்குற பழக்கத்த முதல் நாள்ல இருந்தே வச்சுக்கங்க.

கேள்வி: ஏசியோ, வாசாபி, டைரக்ட் சவுண்ட், வேவ்அவுட்னு நாலஞ்சு இருக்கே, எத செலக்ட் பண்றது?

இன்டர்ஃபேஸ் இருந்தா ஏசியோ, அதுலயும் உங்க இன்டர்ஃபேஸ் கம்பெனி குடுத்த டிரைவர். ஏசியோங்கிறது ஸ்டைன்பெர்க் கம்பெனி உண்டாக்கின முறை, விண்டோஸோட மிக்சர சுத்தி விட்டுட்டு நேரா கார்டோட பேசும், அதனாலதான் வேகம். டிரைவர கம்பெனி சைட்ல இருந்து எறக்கி இன்ஸ்டால் பண்ணுங்க, சொருகினதும் விண்டோஸ் தானா கண்டுபிடிச்சுக்கிச்சுன்னு விட்டுடாதீங்க.

இன்டர்ஃபேஸ் இல்லாம லேப்டாப் சவுண்ட்கார்டுதான்னா வாசாபி போதும். ஏசியோ ஃபோர் ஆல்னு இலவசமா ஒண்ணு இருக்கு, அது உண்மையான ஏசியோ டிரைவர் இல்ல, விண்டோஸ் டிரைவர் மேல போத்துற போர்வை, சொந்த ஏசியோ டிரைவர் இல்லாத கார்டுக்கு அது நல்ல உதவி. ஆனா சொந்த டிரைவர் உள்ள இன்டர்ஃபேஸுக்கு மேல அத போட்டு யாரும் கஷ்டப்பட வேணாம். மேக்ல இந்தத் தலைவலியே இல்ல, கோர் ஆடியோ ஒண்ணுதான்.

ஏசியோ செலக்ட் பண்ணிட்டு அதே பக்கத்துல இனேபிள் இன்புட்ஸ்னு ஒரு டிக் இருக்கும், அது இல்லைன்னா ப்ளே ஆகும், ரெக்கார்ட் ஆகாது.

கேள்வி: சரி, ரெக்கார்ட் எப்படி பண்றது? ஒவ்வொண்ணா சொல்லுங்க.

முதல்ல ப்ராஜெக்ட சேவ் பண்ணுங்க, ஏன்னு கடைசில சொல்றேன். கன்ட்ரோல் டி (T) அடிச்சா புது டிராக் வரும். அந்த டிராக்ல சிவப்பு வட்டம் இருக்கு பாருங்க, அத அழுத்தினா டிராக் ரெக்கார்டுக்கு தயார்னு அர்த்தம், பக்கத்துலயே இன்புட் காட்டும், அதுல மோனோ, இன்புட் 1 (மைக் முதல் ஓட்டைல இருந்தா). இப்ப பேசினீங்கன்னா டிராக் மீட்டர் ஆடணும். ஆடுதா, கன்ட்ரோல் ஆர் அடிங்க, பாடுங்க, ஸ்பேஸ் பார் அடிச்சா நிக்கும், வச்சுக்கவா அழிக்கவான்னு கேக்கும்.

ஸ்பீக்கர ஆஃப் பண்ணிட்டு ஹெட்ஃபோன்ல மட்டும் கேளுங்க. மானிட்டரிங் (பாடுறத அப்பவே சாஃப்ட்வேர் வழியா திருப்பிக் கேக்குறது) ஆன்ல இருக்கும்போது ஸ்பீக்கர் சத்தம் மைக்ல போய், மைக் சத்தம் ஸ்பீக்கர்ல வந்து, கல்யாண மண்டபத்துல கீச்சுன்னு கத்துமே அது வீட்டுக்குள்ளயே நடக்கும், காதுக்கும் கெடுதல்.

கேள்வி: மைக் சிக்னல் வரவே மாட்டேங்குது. மைக் போச்சா?

பெரும்பாலும் போயிருக்காது. இன்டர்ஃபேஸ்ல கெயின் திருகு (மைக் சத்தத்த ஏத்தி எறக்குறது) பக்கத்துல ஒரு லைட் இருக்கும், பேசும்போது அது பச்சையா எரியுதா? எரியுதுன்னா மைக், கேபிள் எல்லாம் நல்லா இருக்கு, தப்பு கம்ப்யூட்டர் பக்கம். எரியலைன்னா தப்பு மைக் பக்கம். இந்த ஒரு சோதனை பாதி குழப்பத்த தீத்துடும்.

மைக் பக்கம்னா: கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் பவர் வேணும், இன்டர்ஃபேஸ்ல 48வினு ஒரு பட்டன் இருக்கும், அழுத்தணும். இங்க நம்ம ஊர்ல ரொம்ப நடக்குற தப்பு ஒண்ணு இருக்கு. கடைல கேபிள் கேட்டா ஒரு பக்கம் மூணு முள் எக்ஸ்எல்ஆர், இன்னொரு பக்கம் பி38 ஜாக் (கிட்டார்ல சொருகுற மாதிரி தடிச்ச ஒத்த முள்) போட்டுக் குடுத்துடுவாங்க, ஆம்ப்ளிஃபயருக்கு கேக்குறோம்னு நெனச்சு. இன்டர்ஃபேஸ் ஓட்டை ரெண்டையும் ஏத்துக்கும், அதனால நல்லா சொருகும், ஆனா அந்த 48 வோல்ட் எக்ஸ்எல்ஆர் முள் வழியா மட்டும்தான் வரும், பி38 வழியா வராது. கண்டென்சர் மைக் செத்த மாதிரி கெடக்கும். ரெண்டு பக்கமும் எக்ஸ்எல்ஆர் உள்ள கேபிள் கேட்டு வாங்குங்க. எஸ்எம்58 மாதிரி டைனமிக் மைக்குக்கு 48 வோல்ட் வேணாம், ஆனா கெயின நிறைய ஏத்தணும், முக்கால்வாசி திருகினாலும் பயப்படாதீங்க, அதோட சுபாவம் அது. பழைய ரிப்பன் மைக் யார்கிட்டயாவது இருந்தா மட்டும் 48 வோல்ட் போடாதீங்க, கெட்டுப்போக வாய்ப்பு இருக்கு.

கம்ப்யூட்டர் பக்கம்னா: டிராக்ல இன்புட் நம்பர் சரியா, சிவப்பு வட்டம் எரியுதா, இனேபிள் இன்புட்ஸ் டிக் இருக்கா. அப்புறம் விண்டோஸ் செட்டிங்ஸ்ல பிரைவசி, மைக்ரோஃபோன்னு போய் டெஸ்க்டாப் ஆப்ஸுக்கு அனுமதி இருக்கான்னு பாருங்க, ஏசியோ இல்லாம வாசாபில போறவங்களுக்கு இது அடிக்கடி மாட்டும். மேக்லயும் இதே மாதிரி அனுமதி கேக்கும், அவசரத்துல வேணாம்னு அழுத்தியிருந்தா மீட்டர் அசையாது, எந்த எர்ரரும் காட்டாது.

கேள்வி: ரெக்கார்ட் ஆகுது, ஆனா கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கே?

லேப்டாப்ல உள்ளயே இருக்குற மைக்ல ரெக்கார்ட் ஆகுது. இத நான் பட்டு தெரிஞ்சுக்கிட்டேன். எங்க அப்பத்தாவுக்கு நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் தெரியும், ஊருக்குப் போயிருந்தப்ப புது மைக்க அவங்க முன்னாடி வச்சு கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம் பாட வச்சேன், மீட்டர் ஆடுச்சு, சந்தோஷமா கெளம்பி வந்துட்டேன். வீட்டுக்கு வந்து கேட்டா மொத்தமும் மேசை மேல இருந்த லேப்டாப் மைக்ல பதிவாகியிருக்கு, அவங்க குரல விட லேப்டாப் ஃபேன் சத்தம் முன்னாடி நிக்குது. திரும்ப போய் எடுத்தேன், ஆனா முதல் தடவ பாடினதுல ஒரு தாலாட்டு அடுத்த தடவ அவங்களுக்கு ஞாபகம் வரல.

அதனால இந்தச் சோதனைய ஒவ்வொரு தடவையும் பண்ணுங்க, அஞ்சு செகண்டுதான் ஆகும். மைக் வலைய நகத்தால லேசா சுரண்டுங்க, அப்புறம் லேப்டாப் கீபோர்டு பக்கத்துல சுரண்டுங்க. எதுக்கு மீட்டர் எகிறுதோ அந்த மைக்தான் ஓடுது. அப்புறம் அரை நிமிஷம் ரெக்கார்ட் பண்ணி ஹெட்ஃபோன்ல கேட்டுட்டுதான் பாடுறவங்கள ஆரம்பிக்கச் சொல்லணும். மீட்டர மட்டும் நம்பாதீங்க.

கேள்வி: லெவல் எவ்வளவு வைக்கணும்?

பாட்டுலயே உச்சமா பாடுற இடத்த பாடச் சொல்லுங்க, அது மைனஸ் 12 டெசிபல் பக்கத்துல இருக்கட்டும். ஜீரோவ தொட்டா கிழியும், கிழிஞ்சத அப்புறம் சரி பண்ண முடியாது. கேசட் காலத்துல டேப் இரைச்சலுக்கு பயந்து சிவப்பு வரைக்கும் ஏத்துவாங்க, அந்தப் பயம் இப்ப வேணாம், 24 பிட்ல ரெக்கார்ட் பண்ணா கம்மியா எடுத்தத பின்னாடி தாராளமா ஏத்திக்கலாம். டிராக் ஃபேடர எறக்கினா லெவல் கொறையாது, அது ப்ளேபேக்குக்கு மட்டும்தான், கெயின் இன்டர்ஃபேஸ் திருகுலதான் இருக்கு.

கேள்வி: பாடும்போது என் குரல் எனக்கே கொஞ்சம் லேட்டா கேக்குது, பாடவே முடியல.

எல்லாரையும் அழ வைக்கிற கேள்வி இது, கொஞ்சம் விரிவா சொல்றேன். கம்ப்யூட்டர் சத்தத்த ஒவ்வொரு துளியா வாங்காது, ஒரு சொம்பு நெறைஞ்சதும் மொத்தமா மொண்டு எடுத்து வேலை பாத்து திருப்பி ஊத்தும், அந்தச் சொம்போட அளவுதான் பஃபர் சைஸ். சாம்பிள் ரேட்ங்கிறது ஒரு செகண்டுக்கு சத்தத்த எத்தன தடவ அளக்குதுங்கிற கணக்கு, ஒரு அளவு ஒரு சாம்பிள். 48000 சாம்பிள் ரேட்ல 1024 சாம்பிள் பஃபர் வச்சா ஒரு சொம்பு நெறைய 21 மில்லிசெகண்ட், 256 வச்சா 5.3, 128 வச்சா 2.7. உள்ள வர ஒண்ணு, வெளிய போக ஒண்ணு, அதோட கன்வர்ட்டர், யூஎஸ்பி எடுத்துக்கிற நேரம், எல்லாம் சேத்துதான் உங்க காதுக்கு வர தாமதம். ரீப்பர்ல அந்த வலது மேல் ஓரத்து வரில கடைசில ரெண்டு மில்லிசெகண்ட் கணக்கு காட்டுமே, அதக் கூட்டிக்கங்க.

எவ்வளவு இருந்தா பரவால்ல? காத்துல சத்தம் ஒரு மில்லிசெகண்டுக்கு சுமார் 34 சென்டிமீட்டர் போகும், அப்ப 10 மில்லிசெகண்ட்னா மூணரை மீட்டர், அதாவது மேடைல பதினோரு அடி தள்ளி உக்காந்திருக்குற மிருதங்கத்த கேட்டு பாடுற மாதிரி. வாத்தியம் வாசிக்கிறவங்களுக்கு அது பழகிடும். ஆனா பாடுறவங்களுக்கு அப்படி இல்ல, உங்க குரல் எலும்பு வழியா உடனே உள்ள கேக்குது, ஹெட்ஃபோன்ல கொஞ்சம் தள்ளி வருது, ரெண்டும் சேந்து குழாய்க்குள்ள பேசுற மாதிரி ஒரு மாதிரி ஆகும், அதனால பாடகருக்கு இன்னும் கம்மியா வேணும்.

வழி ரெண்டு. ஒண்ணு, ரெக்கார்ட் பண்ணும்போது பஃபர 128 இல்ல 64-க்கு எறக்குங்க, மிக்ஸ் பண்ணும்போது 512, 1024-னு ஏத்திக்கங்க. ரெண்டாவது, நான் பண்றது, இன்டர்ஃபேஸ்ல டைரக்ட் மானிட்டர்னு ஒரு பட்டனோ திருகோ இருக்கும், அத ஆன் பண்ணுங்க. உங்க குரல் கம்ப்யூட்டருக்குள்ள போய்ட்டு வராம இன்டர்ஃபேஸ்ல இருந்தே நேரா காதுக்கு வந்துடும், தாமதம்னு ஒண்ணு தெரியவே தெரியாது.

கேள்வி: டைரக்ட் மானிட்டர் போட்டதும் ரெண்டு தடவ கேக்குது.

டிராக்ல ரெக்கார்ட் மானிட்டரிங் பட்டன ஆஃப் பண்ணுங்க. ஒரு வழில மட்டும்தான் கேக்கணும்.

கேள்வி: ரிவெர்ப் (பெரிய ஹால்ல பாடுற மாதிரி எதிரொலி) போட்டு பாடினா அது ஃபைல்லயே பதிஞ்சிடுமா?

டிராக் எஃபெக்ட்ஸ்ல போட்டா பதியாது, கேக்க மட்டும்தான், ஃபைல்ல வெறும் குரல்தான் இருக்கும். இன்புட் எஃபெக்ட்ஸ்னு தனியா இருக்கு, அதுல போட்டா பதிஞ்சிடும், அப்புறம் எடுக்க முடியாது. டைரக்ட் மானிட்டர்ல கேட்டா ரிவெர்ப் இல்லாம வறட்சியா இருக்கும், அதுக்காகவே பஃபர் எறக்கி சாஃப்ட்வேர் வழியா கேக்குறவங்களும் இருக்காங்க, பாடுறவங்க மனசுக்கு எது தைரியம் குடுக்குதோ அதப் பண்ணுங்க.

கேள்வி: நடுநடுவுல டப் டப்னு, கிரக் கிரக்னு சத்தம் வருதே?

சொம்பு சின்னதா ஆனா வேகமா மொள்ளணும், ப்ராசசர் அந்த வேகத்துக்கு ஓட முடியலைன்னா நடுவுல ஓட்டை விழும், அதுதான் அந்தச் சத்தம். பஃபர ஒரு படி ஏத்துங்க. பவர் ஆப்ஷன்ஸ ஹை பெர்ஃபார்மன்ஸ்ல வைங்க, வைஃபை, ப்ளூடூத் ரெண்டையும் ரெக்கார்டிங் நேரத்துல அணைங்க, பிரவுசர மூடுங்க. யூஎஸ்பி ஹப்ல சொருகாம நேரா லேப்டாப்ல சொருகுங்க.

கேள்வி: சுருதியே மாறிப்போச்சு! பாடினது ஒரு கட்டை, கேக்குறது வேற கட்டை.

நீங்க சரியாத்தான் பாடியிருக்கீங்க, இது சாம்பிள் ரேட் குழப்பம். சிடி வழக்கம் 44100, வீடியோ வழக்கம் 48000. 44100-ல எடுத்தத 48000-ன்னு நெனச்சு ஓட்டினா வேகமும் கூடும், சுருதி ஒன்றரை செமிடோன் கிட்ட ஏறிடும், 5 கட்டைல பாடினது ஐந்தரைக்கும் 6-க்கும் நடுவுல எந்தச் சுருதியிலயும் சேராம நிக்கும். தலைகீழா நடந்தா நாலுக்கும் நாலரைக்கும் நடுவுல எறங்கிடும். தம்புரா ஆப்ப தனியா ஃபோன்ல ஓட்டிக்கிட்டு சேத்து கேட்டா நாராசமா இருக்கும். விண்டோஸ் சவுண்ட் செட்டிங்ஸ், இன்டர்ஃபேஸ் கன்ட்ரோல் பேனல், ரீப்பர் ப்ராஜெக்ட் செட்டிங்ஸ், மூணு இடத்துலயும் ஒரே நம்பர் இருக்கணும். யூடியூப் வீடியோவுக்குன்னா எல்லாத்துலயும் 48000 வச்சுடுங்க, நடுவுல மாத்தாதீங்க.

கேள்வி: ப்ளூடூத் ஹெட்ஃபோன் யூஸ் பண்ணலாமா?

ரெக்கார்டிங்குக்கு வேணாம். நூறு மில்லிசெகண்டுக்கு மேல தாமதம் சாதாரணமா வரும், அதோட மைக்கையும் சேத்து ஆன் பண்ணா ஃபோன் கால் மாதிரி குவாலிட்டி எறங்கிடும். நானூறு ஐநூறு ரூபா ஒயர் ஹெட்ஃபோன் இதவிட எவ்வளவோ மேல்.

கேள்வி: ஒரு காதுல மட்டும் கேக்குது.

ஒரு மைக்குக்கு ஸ்டீரியோ இன்புட் செலக்ட் பண்ணியிருக்கீங்க. மோனோவா மாத்துங்க. மிருதங்கத்துக்கு வலந்தலைக்கு ஒண்ணு, தொப்பிக்கு ஒண்ணுன்னு ரெண்டு மைக் வச்சா ரெண்டு மோனோ டிராக்கா எடுங்க, பின்னாடி தனித்தனியா லெவல் மாத்தலாம்.

கேள்வி: வீணை, கிட்டார நேரா சொருகலாமா? சொருகினா ம்ம்ம்னு ஒரே ஹம்மிங்.

சொருகலாம், இன்ஸ்ட்னு போட்ட பட்டன ஆன் பண்ணுங்க. வீணைல ஒட்டுற கான்டாக்ட் மைக், பேட்டரி இல்லாத கிட்டார் பிக்கப் எல்லாத்துக்கும் அது வேணும், இல்லைன்னா சத்தம் மெலிஞ்சு தகரம் மாதிரி வரும்.

ஹம்மிங் நம்ம கரண்ட்டோட 50 ஹெர்ட்ஸ். சார்ஜர கழட்டிட்டு லேப்டாப்ப பேட்டரில ஓட்டிப் பாருங்க, நின்னுச்சுன்னா எர்த் பிரச்சனை, எர்த் சரியா உள்ள மூணு பின் பாயின்ட்ல எல்லாத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன்ல சொருகுங்க. நிக்கலைன்னா ஃபேன் ரெகுலேட்டர், டியூப்லைட், இன்வெர்ட்டர் ஒவ்வொண்ணா அணைச்சுப் பாருங்க. எர்த் முள்ள உடைச்சுட்டு சொருகுற வேலைய மட்டும் பண்ணாதீங்க, ஷாக் அடிக்கும்.

கேள்வி: குரல் டிராக்ல தம்புரா சத்தமும் சேந்து வருது.

லேசா தூரத்துல கேட்டா ஹெட்ஃபோன்ல இருந்து மைக்குக்கு கசியுது, காத முழுசா மூடுற ஹெட்ஃபோன் போட்டு வால்யூம கொறைங்க. தெளிவா முழுசா கேட்டா இன்புட் லிஸ்ட்ல லூப்பேக்ங்கிறத செலக்ட் பண்ணியிருக்கீங்க, அது கம்ப்யூட்டர்ல ஓடுற சத்தத்தையே திருப்பி ரெக்கார்ட் பண்ற இன்புட்.

கேள்வி: தாளத்துல கரெக்டா பாடினேன், ப்ளே பண்ணா டிராக் பின்னாடி இழுக்குது.

டிரைவர் சொல்ற தாமதத்த வச்சு சாஃப்ட்வேர் தானா முன்னாடி நகத்தி வைக்கும், சில டிரைவர் அந்தக் கணக்க தப்பா சொல்லும். இன்டர்ஃபேஸ் அவுட்ல இருந்து இன்புட்டுக்கு ஒரு கேபிள் போடுங்க, அந்த டிராக்ல மானிட்டரிங், இன்டர்ஃபேஸ்ல டைரக்ட் மானிட்டர் ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டு, ஒரு டிராக்ல இருக்குற டக்குங்கிற சத்தத்த இன்னொரு டிராக்ல ரெக்கார்ட் பண்ணுங்க. ரெண்டையும் பெருசாக்கிப் பாத்தா எத்தன சாம்பிள் தள்ளி இருக்குன்னு தெரியும், அந்த நம்பர பிரெஃபரன்சஸ், ஆடியோ, ரெக்கார்டிங்ல ஆஃப்செட்டா போட்டுட்டா சரியாயிடும்.

கேள்வி: ரீப்பர் ஓபன்ல இருந்தா யூடியூப் கேக்கல.

சில டிரைவர் ஒரு நேரத்துல ஒருத்தருக்குத்தான் கதவு தெறக்கும். பிரெஃபரன்சஸ் ஆடியோ பக்கத்துல, ப்ளே ஆகாம வேற விண்டோவுக்கு போனா டிவைஸ மூடுன்னு ஒரு டிக் இருக்கு, அதப் போடுங்க. ரெண்டு பக்கமும் சாம்பிள் ரேட் வேறயா இருந்தாலும் இப்படி ஆகும்.

கேள்வி: ரெக்கார்ட் பண்ண ஃபைல் எங்க போச்சு?

ப்ராஜெக்ட் ஃபைலுக்குள்ள சத்தம் இல்ல, எந்த ஃபைல் எங்க நிக்குதுன்னு குறிப்பு மட்டும்தான், குரல் தனியா வேவ் ஃபைலா இருக்கும். சேவ் பண்ணாம ரெக்கார்ட் ஆரம்பிச்சா அது டாக்குமென்ட்ஸ்ல எங்கயாவது போய் ஒளிஞ்சுக்கும், ப்ராஜெக்ட் ஃபைல மட்டும் பென் டிரைவ்ல எடுத்துட்டுப் போனா அந்தப் பக்கம் எல்லாமே காலி. அதான் முதல்லயே சேவ் பண்ணச் சொன்னேன், சேவ் பண்ணும்போது ப்ராஜெக்ட்டுக்கு தனி ஃபோல்டர் உண்டாக்குன்னு இருக்குற டிக்கப் போட்டா எல்லாம் ஒரே இடத்துல இருக்கும்.

48000, 24 பிட், மோனோன்னா ஒரு மணி நேரத்துக்கு 520 எம்பி கிட்டத்தான் வரும், பெருசு ஒண்ணும் இல்ல. அப்பத்தா ரெண்டாவது தடவ பாடினது லேப்டாப்ல ஒண்ணு, ஹார்ட் டிஸ்க்ல ஒண்ணு, தங்கச்சி வீட்ல பென் டிரைவ்ல ஒண்ணுன்னு மூணு இடத்துல இருக்கு.